மூக்கின் கீழே ஒரு சில்லு

ஆரையம்பதியில் எங்கள் உறவினர் வீட்டு அலுமாரியில் ஒரு படம் இருக்கிறது. உள்ளங்கை அளவான கறுப்பு வெள்ளைப் படம். விமானம் ஒன்றின் முன்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் பெரியம்மாவின் தகப்பனார். அவர் கையில் ஒரு குழந்தை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் கூரை பறந்த வீடுகளில் அந்த வீடும் ஒன்று. அன்றிரவு மழைநீர் படத்தின் வலப்பக்கத்தைத் தின்றுவிட்டது. பின்புறத்தில் எழுதியிருந்த மையும் கரைந்து வெறும் நீலக் கறையாகிவிட்டது.

"இது டகோட்டா, மகன்," என்றார் பெரியம்மா. "கல்லோயா அணை வேலை தொடங்கின காலத்தில் அப்பா அம்பாறைப் பக்கம் போய்வந்தவர். அப்போது எடுத்தது. கையில் இருக்கிறது அண்ணன். அவன் பிறந்தது 1949."

அந்தக் குடும்பத்தில் யாரும் இதைச் சந்தேகித்ததில்லை. ஆனால் படத்தைக் கையில் வாங்கியதுமே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அது டகோட்டா அல்ல. விமானத்தின் மூக்கின் கீழே ஒரு சில்லு இருந்தது.

டகோட்டாவின் மூன்றாவது சில்லு வாலின் கீழேதான் இருக்கும். தரையில் நிற்கும்போது அதன் வால் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். படத்தில் உள்ள விமானமோ தரைக்குச் சமமாக நிற்கிறது. டகோட்டாவின் எஞ்சின் முன்புறம் அகன்ற வட்டமாக, ஒரு பெரிய பானையின் வாயைப்போல இருக்கும்; உள்ளே உருளைகள் சக்கரத்தின் ஆரங்கள்போல் சுற்றிவர அடுக்கப்பட்டிருப்பதால் வரும் வடிவம் அது. படத்தில் தெரியும் எஞ்சின் ஒடுங்கி நீண்டிருக்கிறது. உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருந்தால்தான் அப்படி ஒடுங்க முடியும். இறக்கை உடலின் அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. விமானி அமரும் பகுதி கூரைக்கு மேலே சிறிய திமிலாக எழும்பி நிற்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அக்காலத்து இலங்கையில் இரண்டு பெயர்கள்தான் பொருந்துகின்றன. இரண்டும் பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் கட்டியவை. இரண்டையும் நம் விமானப்படை பயன்படுத்தியது. ஒன்று இரட்டை எஞ்சின் கொண்ட டவ். மற்றது அதே உடலை நீட்டி நான்கு எஞ்சின் பொருத்திய ஹெரன்.

இரண்டா, நான்கா என்று எண்ணினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் எண்ண வேண்டிய இறக்கையின் வெளிப்பாதி மழைநீர் தின்ற இடத்தில் இருக்கிறது.

படத்திலுள்ள விமானத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது உலகம் முழுவதும் பலர் ஈடுபாட்டோடு செய்யும் ஒரு கலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை நினைவாற்றல் என்று எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் நினைவாற்றலுக்கு அதில் சிறிய பங்குதான். பெரும்பகுதி கழித்தல். இது எதுவாக இருக்க முடியாது என்பதை ஒவ்வொன்றாக நீக்கி, நீக்க முடியாமல் மிஞ்சுவதை மட்டும் ஏற்றுக்கொள்வது. நிறத்தையும் எழுத்தையும் தேர்ந்தவர்கள் கடைசியில்தான் பார்ப்பார்கள். பூச்சு மாறும், சொந்தக்காரர் மாறுவார். இறக்கை உடலின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது அந்த விமானம் உடையும்வரை மாறாது. அதனால் முதலில் இறக்கை, பிறகு எஞ்சின், பிறகு உடல், கடைசியில் வால். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்காணிப்பாளர்களுக்குக் கற்பித்த வரிசையும் இதுதான். பிரித்தானியாவில் 1941 ஜனவரியில் இந்தக் கலைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. கறுப்பு நிழலுருவங்களைப் பார்த்து, நொடிப்பொழுதில் தன்னுடையதா எதிரியுடையதா என்று சொல்லப் பழகினார்கள். தவறினால் தன் பக்கத்து விமானத்தையே சுட்டு வீழ்த்தும் நிலை.

அந்தப் போர் நம் கடலுக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே முதலிலிருந்து வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அதோடு 307 பேர் இறந்தார்கள். இன்றும் ஐம்பது மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் அது கிடக்கிறது. மூழ்கும் ஹெர்மிஸைக் காட்டும் புகழ்பெற்ற படங்கள் தாக்கிய ஜப்பானிய விமானங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை.

அந்தக் காலத்து ஜப்பானிய விமானம் என்றாலே "சீரோ" என்று எழுதிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. சீரோ விமானங்கள் அன்று துணைக்கு வந்தன. குண்டு போட்டவை வேறு. ஐச்சி நிறுவனத்தின் டி3ஏ என்னும் பாய்ந்திறங்கும் குண்டுவீச்சு விமானங்கள். படத்தில் இவற்றைப் பிரித்தறிவது எளிது. சீரோ பறக்கும்போது சில்லுகளை உள்ளே மடித்துக்கொள்ளும். டி3ஏயின் சில்லுகள் மடியாதவை. உறை போட்ட இரண்டு கால்கள் பறக்கும்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். இறக்கையின் ஓரங்கள் நீள்வட்டமாக வளைந்திருக்கும். நேச நாடுகள் பின்னர் இதற்கு "வால்" (Val) என்று ஒரு ஆங்கிலப் பெண்பெயரைச் சூட்டின. குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண்பெயர், சண்டை விமானங்களுக்கு ஆண்பெயர் என்பது அந்த ஏற்பாடு. ஹெர்மிஸ் மூழ்கிய நாளில் அந்தப் பெயர்கள் இன்னும் வழக்கில் இல்லை. அன்றைய நாளைப் பற்றி எழுதுபவர்கள் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம் வருகிறது. உலகின் விமான ஆர்வலர்கள் அரிதென்று கொண்டாடும் சில விமானங்களை வடக்கிலும் கிழக்கிலும் உள்நாட்டுப் போரைக் கண்ட, ஐம்பது வயதைக் கடந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். புக்காராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜென்டினாவில் கட்டப்பட்ட ஒல்லியான இரட்டை எஞ்சின் தாக்குதல் விமானம். வாலின் உச்சியில் கிடைச்சிறகு குறுக்காக அமர்ந்திருக்கும். ஆர்ஜென்டினா, உருகுவே, கொலம்பியா ஆகியவற்றை விட்டால் அதை வாங்கிப் பறக்கவிட்ட நாடு இலங்கை மட்டும்தான். 1993இல் நான்கு வந்தன; மிஞ்சியது ஒன்று. ஐரோப்பாவில் ஓர் ஆர்வலர் வாழ்நாளில் ஒருமுறை பார்க்க ஏங்கும் விமானம் அது. எங்கள் ஊர்களில் அதன் பெயர் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. இஸ்ரேலிய ஜெட் விமானமான கிபிரும் அப்படித்தான். இத்தாலியப் பயிற்சி விமானமான சியாய் மார்கெட்டி தமிழ்ப் பத்திரிகைகளில் "சியாமா செட்டி" ஆனது. பெயர் தெரியாதவற்றுக்கு மக்களே பெயர் வைத்தார்கள். குண்டுகளைச் சுமந்து வந்து கொட்டிய கனத்த சரக்கு விமானம் "சகடை". உயரத்தில் வட்டமிட்டு வேவு பார்த்துவிட்டுப் போவது "கோள்மூட்டி". அது வந்து போனால் பின்னால் வேறொன்று வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பெயர். ஆளில்லாமல் ரீங்கரித்துச் சுற்றுவது "வண்டு".

இந்தப் பெயர்கள் வடிவத்தை வைத்துப் பிறந்தவை அல்ல. ஒலியையும் நடத்தையையும் வைத்துப் பிறந்தவை. பதுங்குகுழிக்குள் இருப்பவருக்கு வடிவம் தெரியாது, ஒலி தெரியும். அந்த அறிவு பிழையானதும் அல்ல. பெல் 212 ஹெலிகொப்டருக்கு அகன்ற இரண்டு தகடுகள்தான்; ஒவ்வொன்றும் காற்றை அறையும் ஒலி தனித்தனியாக, கனமான துடிப்பாகக் கேட்கும். எம்ஐ-17இல் ஐந்து தகடுகள். துடிப்புகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். பௌதிகம் படிக்காத பெண்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பிள்ளைகளை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்தக் காலத்தில் விமானத்தைப் படம் பிடிக்கும் துணிவு சாதாரண மனிதருக்கு வராது. படம் பிடித்தவருக்கு அதை வைத்திருக்கும் துணிவும் வராது. அதனால் எங்களிடம் படங்கள் இல்லை. காதில் தங்கியவை மட்டும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைக்க இன்னும் அதிகக் காலம் இல்லை என்பதே என் கவலை. எங்கோ கிடைக்கும் ஒரு தெளிவற்ற படத்துக்குப் பெயர் வைக்க உலகத்தின் மறுகோடியில் ஒருவர் மாதக்கணக்கில் உழைக்கிறார். இங்கே அதே விமானம் தன் கூரைக்கு மேலே எப்போது திரும்பியது, எந்த நேரத்தில் வந்தது என்பதை அறிந்த பெரியவர் ஒருவர் யாரும் கேட்காமல் திண்ணையில் இருக்கிறார்.

ஒன்றுபோல் தோன்றும் விமானங்களைப் பிரிப்பதில்தான் இந்தக் கலையின் உண்மையான சோதனை இருக்கிறது. அன்டனோவ்-26, அன்டனோவ்-32 இரண்டும் அண்ணன் தம்பிபோல இருக்கும். இலங்கையில் பறந்தது 32. அதன் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே தோளில் தூக்கி வைத்ததுபோல் உயர்ந்திருக்கும். மிகப் பெரிய விசிறிகள் உடலிலும் தரையிலும் படாமல் சுழல்வதற்கான ஏற்பாடு அது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் எவ்வளவு மங்கலான படத்திலும் குழப்பம் வராது. சீனத்து வை-12, கனடாவின் ட்வின் ஒட்டர் இரண்டும் சற்றுக் கடினம். இரண்டிலும் இறக்கை மேலே, விசிறிகள் இரண்டு, சில்லுகள் மடியாதவை. கீழே பார்க்க வேண்டும். வை-12இன் வயிற்றோரத்தில் குட்டி இறக்கைபோல் ஒரு முட்டு நீட்டிக்கொண்டிருக்கும். சில்லும் அதில்தான் இருக்கும், பெரிய இறக்கையைத் தாங்கும் சாய்கம்பும் அதிலிருந்துதான் எழும். ட்வின் ஒட்டரின் சாய்கம்பு நேராக உடலிலிருந்தே புறப்படும். 2022 ஓகஸ்டில் இந்தியா வழங்கிய டோனியர் 228ஐ இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதற்குச் சாய்கம்பே கிடையாது, சில்லுகள் மடியும், இறக்கையின் நுனி பின்னோக்கிக் கூராக வெட்டியிருக்கும். கல்லடிக் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

பழைய படங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பலர் அதில் விழுந்திருக்கிறார்கள். படச்சுருளை அச்சிடும்போது மறுபக்கமாகத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகும். விமானத்தின் முகத்தை நேரே பார்க்கும் படத்தில் இது தெரியவே தெரியாது. ஆனால் எம்ஐ-8, எம்ஐ-17 ஆகிய இரண்டு ஹெலிகொப்டர்களையும் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் வால் விசிறி எந்தப் பக்கம் என்பதுதான். எட்டில் வலப்பக்கம், பதினேழில் இடப்பக்கம். படம் புரண்டிருந்தால் ஒன்று மற்றதாகிவிடும். அப்போது விமானத்தை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்க வேண்டும். ஆண்களின் சட்டைப்பை இடது நெஞ்சில் இருக்கும். ஏழு பேர் நிற்கும் படத்தில் ஏழு பேருக்கும் வலப்பக்கத்தில் பை இருந்தால் புரண்டிருப்பது படம். விமானந்தாங்கிக் கப்பல்களிலும் இப்படி ஒரு விதி சொல்வார்கள்: மேல்தளக் கோபுரம் வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் தெரிந்தால் படம் புரண்டது என்று. அந்த விதியை நம்பியும் ஏமாறலாம். உலகில் இடப்பக்கக் கோபுரம் கொண்ட கப்பல்கள் மிகச் சிலவே. அவற்றில் இரண்டு அக்காகியும் ஹிர்யூவும். 1942 ஏப்ரலில் இலங்கையைத் தாக்க வந்த அணியில் அந்த இரண்டும் இருந்தன.

எழுத்துகள் கிடைத்தால் வேலை சுலபமாகும் என்பது உண்மைதான். குடிசார் விமானம் ஒவ்வொன்றுக்கும் வாகன இலக்கம்போல் ஒரு பதிவெழுத்து உண்டு, முன்னெழுத்து நாட்டைச் சொல்லும். இலங்கையைப் பொறுத்தவரை அது காலத்தையும் சொல்லும். சுதந்திரத்துக்கு முன்பு பிரித்தானியக் குடியேற்ற நாடு என்ற முறையில் "விபி-சி" என்று தொடங்கியது. 1948 தொடக்கம் 1954 வரை "சிவை". அதன் பிறகு இன்றுவரை "4ஆர்". அன்றைய இலங்கை விமான சேவையான ஏர் சிலோன் 1947 டிசம்பரில் டகோட்டாவோடு பறக்கத் தொடங்கியது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தார்கள். ஒரு டகோட்டாவின் வாலோரம் "சிவை" என்ற எழுத்துகள் தெரிந்தால் அந்தப் படம் ஆறு ஆண்டுக் காலத்துக்குள் அடங்கிவிடும். மாமாவின் கலியாணம் எப்போது, வீட்டுக்குக் கல் பதித்தது எப்போது என்று அலைய வேண்டியதில்லை.

ஆனால் எழுத்து மங்கலாக இருந்தால் அதைத் தெளிவாக்க இப்போது பலரும் மென்பொருளைத் தேடுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அத்தகைய மென்பொருள் மறைந்ததை மீட்பதில்லை. அங்கே எது இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகிறது. வரைந்தது உண்மைபோல் கூர்மையாக இருப்பதால் பார்ப்பவர் நம்பிவிடுகிறார். அப்படிக் கிடைத்த ஓர் எழுத்தை வைத்து ஒரு விமானத்தின் வரலாற்றையே தவறாக எழுதிவிடலாம். மங்கலான எழுத்தை மங்கல் என்று விட்டுவிடுவதுதான் நேர்மை. இயந்திரத்திடம் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதும் இதே வகை. உலகில் அதிகம் படம்பிடிக்கப்பட்ட விமானத்தின் பெயரை நோக்கியே அது சாயும். ஆரையம்பதிப் படத்தைக் காட்டியபோதும் டகோட்டா என்றுதான் விடை வந்தது. பெரியம்மா சொன்னதும் அதுவே. அவர் தன் தகப்பனார் சொல்லக் கேட்டதை நம்பிச் சொன்னார்.

அந்தப் படத்துக்கே திரும்புகிறேன். டவ்வா, ஹெரனா? இறக்கையின் வெளிப்பாதி இல்லை. எஞ்சின்களை எண்ண வழியில்லை. மிஞ்சியிருப்பது உட்பக்கத்து எஞ்சினும், நிற்பவர்களின் தலைகளுக்கு இடையே தெரியும் வாலும்.

எஞ்சினின் முன்னால் ஒரு விசிறித் தகடு செங்குத்தாக மேலே நிற்கிறது. அதற்கு நேர்கீழே, ஒருவருடைய தோளுக்கும் மற்றவருடைய குடைப்பிடிக்கும் இடையில், இன்னொரு தகட்டின் நுனி தெரிகிறது. மூன்று தகடு கொண்ட விசிறியில் ஒன்று நேர்மேலே நின்றால் மற்ற இரண்டும் இருபுறமும் சாய்ந்து விரியும்; நேர்கீழே எதுவும் இருக்க முடியாது. ஆகவே இது இரண்டு தகட்டு விசிறி. டவ்வுக்கு மூன்று தகடுகள். ஹெரனுக்கு இரண்டு. இது ஒரு சான்று. ஒரு சான்றோடு நிறுத்தக்கூடாது என்பதை இந்தக் கலையில் மூத்தவர்கள் எப்போதும் வலியுறுத்துவார்கள். முதல் சான்றோடு தொடர்பில்லாத இரண்டாவது ஒன்று வேண்டும். இடது ஓரத்தில் நிற்பவரின் தொப்பிக்கு மேலே வாலின் கிடைச்சிறகு தெரிகிறது. அது கிடையாக இல்லை. உடலிலிருந்து வெளியே போகப்போக மேல்நோக்கித் தெளிவாகச் சாய்ந்து எழுகிறது. டவ்வின் வாற்சிறகு தட்டையானது. எழும்பி நிற்கும் வாற்சிறகு ஹெரனுக்கு உரியது. இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இரண்டின் வாலையும் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மறக்காது.

ஹெரன் என்றால் கணக்கு மாறுகிறது. ஹெரனின் முதல் மாதிரி இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்ததே 1950 மே மாதத்தில்தான். நம் விமானப்படை உருவானது 1951 மார்ச்சில். படத்தின் பின்னணியில் ஓடுபாதை ஓரமும் வாவிக்கரைக் கண்டல்களும் தெரிகின்றன. அது திமிலைதீவுப் பக்கத்து மட்டக்களப்பு விமான நிலையமாக இருந்தால், அந்த நிலையம் திறக்கப்பட்டது 1958இல். இடத்தைப் பற்றி என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கண்டல் கிழக்குக் கரை முழுவதும் இருக்கிறது. ஆனால் விமானம் ஒன்றே போதும். 1949இல் பிறந்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஹெரனின் முன்னால் யாரும் இங்கே நின்றிருக்க முடியாது. கையில் இருப்பது அண்ணன் அல்ல.

இதைச் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். குடும்பம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெயரோடு வைத்திருக்கும் முகத்திலிருந்து அந்தப் பெயரை எடுப்பது சிறிய விஷயம் அல்ல. படத்தைப் பெரிதாக்கி, விசிறியையும் வாலையும் தாளில் வரைந்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெரியம்மா குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்:

"அப்படியென்றால் எவ்வளவு பிந்தி, மகன்?"

"குறைந்தது சில வருடம் பிந்தி, பெரியம்மா. இந்த ஓடுபாதை எங்களுடையதென்றால் 1958க்குப் பிறகு."

அவர் படத்தை வாங்கி முகத்தின் அருகே கொண்டுபோனார். பெரியம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். 1959இல் பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயது வருமுன் காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. அவளுக்குப் படமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விமானம் இதை நிரூபிக்கவில்லை என்பதை நான் தெளிவாகச் சொன்னேன். அண்ணன் இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. யார் என்பதைச் சொல்லவில்லை. உறவில் வேறு பிள்ளையாகவும் இருக்கலாம்.

"தெரியும்," என்றார். படத்தைத் திருப்பி வைத்து, கரைந்துபோன மையின் மேலே பென்சிலால் "ஹெரன்" என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு பென்சிலைத் தன் கையில் வாங்கி, அதன் கீழே தங்கையின் பெயரையும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் அவரே எழுதினார்.